ஹெட்லைட் போட்டால் ஹீட் முள் ஏறுகிறதா? பேட்டரி வாங்க ஓடும் முன் இதைப் படியுங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புது பேட்டரி 4,600. ஸ்பார்க் ப்ளக்கும் ப்ளக் ஒயரும் 1,900. தெர்மோஸ்டாட், ஹீட் சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 1,700. ஆக்சிஜன் சென்சார் 4,200. மீட்டர் போர்டைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பி ரிப்பேர் செய்ததில் 5,000. ஒரு ராத்திரி வண்டியைக் கட்டி இழுத்து வந்ததற்கு 1,500. மொத்தம் 18,900 ரூபாய், இதில் நடுவில் ஆட்டோவுக்குக் கொடுத்த காசெல்லாம் சேராது. கடைசியில் நோயைத் தீர்த்தது 280 ரூபாய் எர்த் ஒயர், அதாவது கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகும் ஒயர். இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

வண்டி 2004 மாடல், சின்ன பெட்ரோல் கார், டிஎன் 23 நம்பர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வயசில் எந்த வண்டிக்கும் இது வரும். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் ஐந்து வருஷம் கழித்து ஒரு தடவை என்று ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி வைத்திருக்கிறேன். சத்துவாச்சாரியில் வீடு, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஆபீஸில் வேலை. தினமும் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் வருவது.

ஆரம்பித்தது அக்னி நட்சத்திர வெயிலில். ராத்திரி வேலை முடிந்து திரும்பும்போது மேல்விஷாரம் தாண்டியதும் ஹீட் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறுகிறது. ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றும் வேகம்) துடிக்கிறது. பெட்ரோல் முள்ளும் லேசாக ஆடுகிறது. ரத்தினகிரி கிட்டே முள் சிவப்பைத் தொட்டதும் பயந்து ஓரம் கட்டினேன். லாரிகள் பக்கத்தில் சர் சர்ரென்று போகும்போது வண்டியே ஆடும், தெரியும் இல்லையா, அந்த இடத்தில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆவி இல்லை, கூலன்ட் ஒழுகவில்லை, ரேடியேட்டர் ஃபேன்கூட ஓடவில்லை. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் முள் கீழே இறங்கி நிற்கிறது. திரும்ப ஹெட்லைட் போட்டேன், ஏறியது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஹீட் முள் ஏறினால் அது நிஜம் என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள், "சும்மா எலக்ட்ரிக்கல் கோளாறுதான்" என்று தைரியமாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், நிஜமாகவே சூடேறியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டோடு போகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள். ஆனால் நிறுத்திய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். இன்ஜினுக்குள் அத்தனை லிட்டர் தண்ணீர் சூடாவதற்கும் ஆறுவதற்கும் நேரம் பிடிக்கும். ஒரு சுவிட்சைப் போட்டதும் ஒரே நொடியில் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது சூடே இல்லை, கரன்ட் விஷயம். நான் பார்த்த முதல் மெக்கானிக்கிடம் இதைத்தான் சொன்னேன். "வேலூர் வெயிலுக்கு எல்லா வண்டியும் சூடாகும் சார்" என்று சொல்லி தெர்மோஸ்டாட்டையும் ஹீட் சென்சாரையும் மாற்றிவிட்டார். அன்று சாயங்காலமே முள் மறுபடி ஆடியது.

அடுத்து ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நன்றாக நிற்கும். ஒரு பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் 600-க்கு இறங்கும், 1,100-க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். பின்னாடி பெட்ரோல் வாசனை. மைலேஜ் நன்றாகவே குறைந்துவிட்டது. ஏசி போட்டால், வைப்பர் போட்டால், ராத்திரி லைட் போட்டால் இன்னும் மோசம். இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார்கள், நான்கும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. "ப்ளக் போச்சு, மிஸ்ஸிங் அடிக்குது" என்று மாற்றினார்கள். கொஞ்ச நாளில் புது ப்ளக்கும் கறுத்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அப்படியானால் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் என்றார்கள். அதுவும் புதுசு வந்தது. நண்பனிடம் ப்ளூடூத் ஸ்கேனர் இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தேன், அது என் வண்டியோடு பேசவே இல்லை. நம் நாட்டில் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வசதி, 2010-க்கு அப்புறம்தான் படிப்படியாகக் கட்டாயமானது, அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சின்ன டப்பாவை நம்பிக் காசு போடும் முன் உங்கள் மாடலில் வேலை செய்யுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் அம்மாவைச் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசலில் வண்டி அணைந்துவிட்டது. செல்ஃப் அடித்தால் "ங்ங்... ங்ங்..." என்று இழுக்கிறதே தவிர எடுக்கவில்லை. பின்னாடி பஸ், ஷேர் ஆட்டோ, எல்லோரும் ஹார்ன். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து முருகா முருகா என்கிறாள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. பேட்டரி அப்போதுதான் மாற்றியது! பேட்டரிக்காரர் வந்து பார்த்துவிட்டு பேட்டரி நல்லா இருக்கு என்று கையை விரித்தார், டைனமோவைப் பாருங்க என்றார். டைனமோவைப் பார்த்தவர் டைனமோ நல்லா இருக்கு, மீட்டர் போர்டில் ஏதோ ஷார்ட் என்றார். மீட்டர் போர்டு சென்னை போய் வந்தது. வீட்டில் அதற்குள், "பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். காயலான் கடையில் விலையும் கேட்டு வைத்தேன். முப்பதாயிரம்.

திருப்பம் வந்தது கிளட்சினால். கொஞ்ச நாளாகவே கிளட்ச் பெடல் இறுகிக்கொண்டே வந்தது. வேறு ஏதோ வேலையாகப் போனபோது லாரிக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு வயதான பாயின் கடை முன் வண்டியை நிறுத்தி, "பாய், செல்ஃப் இழுக்குது, கிளட்சும் டைட்டா இருக்கு" என்றேன். அவர் பானெட்டைத் திறந்து, என்னை இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, கிளட்ச் கேபிள் மேல் விரல் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். என்னையும் தொடச் சொன்னார். சுடுகிறது! ஓடாத வண்டியில் கிளட்ச் கேபிள் எதற்குச் சுட வேண்டும்?

"செல்ஃபுக்கு நூறு ஆம்பியர் போவும் சார். போனது திரும்பி வரணுமில்ல? எர்த் ஒயர்ல வழி இல்லன்னா கெடச்ச வழியில வரும். ஒங்க வண்டில கிளட்ச் கேபிள்ல வருது."

அவ்வளவுதான், எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. என் வண்டியில் பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயர் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து பின்னல் மாதிரி ஒரு பட்டை ஒயர் கியர்பாக்ஸுக்குப் போகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் இன்ஜினுக்கு ஒழுங்கான எர்த். அது போய்விட்டால் செல்ஃப் கரன்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகும். பெடல் இறுகும்.

பாய் உடனே ஒரு பூஸ்டர் கேபிளை எடுத்து, பேட்டரி மைனஸில் ஒரு முனை, இன்ஜினைத் தூக்குவதற்கு மேலே ஒரு கொக்கி இருக்கும் பாருங்கள், அதில் மறுமுனை என்று மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் எல்லாம் போடச் சொன்னார். ஹீட் முள் அசையவில்லை. சூடானதும் ஆர்பிஎம் ஒரு நிமிஷத்துக்குள் 800 பக்கம் வந்து நின்றுவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. உங்கள் வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட முள் ஒன்றாக ஆடினால், எந்தப் பார்ட்ஸும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பிளஸ் முனையில் மட்டும் கேபிள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கவும் விடாதீர்கள்.

அன்றைக்கே 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு போனேன், வாயால் சொன்னது போதாது, கண்ணால் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பாயே எப்படி வைப்பது என்று காட்டினார். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் ஈயக் குமிழ் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்ப் மேல் இல்லை. சிவப்பு முனையை இன்ஜினில் துரு, பெயின்ட் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். இன்ஜின் ஓட வேண்டும், லைட்டும் ப்ளோயரும் போட்டிருக்க வேண்டும். எர்த் சுத்தமாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது, 0.1 வோல்ட் வரை சரி, 0.2-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம். என் வண்டியில் மைனஸ் 0.6 காட்டியது. மைனஸ் குறியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓடும்போது கரன்டைக் கொடுப்பது டைனமோ, டைனமோ இன்ஜினில் போல்ட் ஆகியிருக்கிறது, அதனால் திரும்புகிற கரன்ட் பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகிறது. செல்ஃப் அடிக்கும்போது திசை மாறிப் பிளஸ் 2.3 வந்தது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. பேட்டரியிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு சொச்சத்தில் இவ்வளவு வழியிலேயே போனால் செல்ஃப் இழுக்காமல் என்ன செய்யும்?

மீட்டரில் டெஸ்ட் பண்ணினேன் என்று மற்றவர்களும்தான் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது கன்டினியூட்டி, அதாவது ஒயரில் தொடர்பு இருக்கிறதா, "பீப்" சத்தம் வருகிறதா என்று. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் வரும். லோடு போட்டு, கரன்ட் ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்கு அந்த 18,900-இல் முக்கால்வாசி மிச்சம்.

இந்த 0.6 வோல்ட் எப்படி ஐடிலிங்கைக் கெடுத்தது என்று கேட்டால், என் மாதிரி பழைய வண்டிகள் பலவற்றில் ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் பைப், இன்ஜின் வழியாகவே எர்த் எடுக்கிறது. அது அனுப்பும் சிக்னலே மொத்தம் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள்தான். அதில் 0.6 குறைவாகக் காட்டினால் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றும். அதுதான் கறுத்த ப்ளக், பெட்ரோல் வாசனை, மைலேஜ் அடி. சென்சார் சூடான பிறகுதான் கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்கும், அதனால்தான் காலையில் நன்றாக இருந்து பத்து நிமிஷத்தில் கெட்டது. ஹீட் சென்சாருக்கும் இன்ஜின்தான் எர்த், ஆகவே லைட் போட்டு கரன்ட் அதிகமானால் முள் மேலே ஏறும். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து நோய், ஒன்றாகப் பார்த்தால் ஒன்று. பழைய சென்சார் நன்றாகவே இருந்தது, இப்போது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கிறது.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அதே மீட்டரை ஒவ்வொரு இணைப்பாக வைத்துக்கொண்டே போனோம். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் 0.02. பாடி போல்ட் வரை இன்னும் கொஞ்சம். பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மிச்சம் எல்லாம். கீழே படுத்து அந்தப் போல்ட்டைக் கழற்றினால், மேலே பார்க்கக் கொஞ்சம் அழுக்கு மட்டும் தெரிந்த லக்குக்கு (ஒயர் முனை வளையம்) அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருக்கிறது, பின்னலில் பாதி இழை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த மழையில் எங்கள் தெருவிலும் தண்ணீர் தேங்கி வண்டி அரைச் சக்கரம் முழுகி நின்றது. அப்போது ஸ்டார்ட் ஆனதே போதும் என்று இருந்தோம், யாரும் அடியில் பார்க்கச் சொல்லவில்லை. அந்த மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் உங்கள் எர்த் பட்டையையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். புதுப் பட்டை ஒயர் 280. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, பல் வாஷர் வைத்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினோம். தடவிவிட்டு இறுக்கக் கூடாது என்று பாய் கறாராகச் சொன்னார். கூடவே இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து பாடிக்கு இன்னொரு தடித்த ஒயரும் போட்டோம். மறுபடி அளந்தால் 0.04. உருகின கிளட்ச் கேபிளை மாற்ற 650 ஆனது தனி. பாய் கூலியாக 300 கேட்டார், நான் 500 கொடுத்தேன், நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எர்த் நன்றாகவே இருந்தும் முள் ஆடினால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்டு வைத்தேன். ஒரே ஒரு முள் ஆடினால் அந்த முள்ளின் சென்சார், ஒயர். ஹீட் முள்ளும் பெட்ரோல் முள்ளும் மட்டும் ஒன்றாக ஏறி இறங்கினால், பழைய மாடல்களில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் அவை இரண்டுக்கும் வோல்ட்டை நிலையாகக் கொடுக்க ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். டைனமோ டயோடு போயிருந்தாலும் ஆடும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடும் வண்டியில் பேட்டரி மேல் பிடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. டிசியில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஐடிலிங் முழுசாகச் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏசி போட்டால் மட்டும் லேசான நடுக்கம் மிச்சமிருந்தது. அது வேறு கணக்கு, இத்தனை வருஷக் கரி, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் அப்பிக்கிடந்தது. கார்ப் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்து மாட்டியதும் நின்றது. கேபிள் த்ராட்டில் என்பதால் தைரியமாகக் கை வைத்தோம், எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டியில் அந்தத் தட்டை விரலால் தள்ளித் திருப்பாதீர்கள், கெட்டுவிடும். வரிசையும் முக்கியம். எர்த்தைச் சரி செய்யும் முன் இதைச் செய்திருந்தால், கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்து, இன்னும் சில மாதம் சுற்றியிருப்பேன்.

முன்னாடி பார்த்தவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்க்கிறவர், அதில் எட்டு வண்டிக்கு ப்ளக்கும் பேட்டரியும்தான் காரணமாக இருக்கும், கை தன்னால் அங்கேதான் போகும். ஆனால் பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம், கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். இப்போதெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளந்து பாருங்கள், அதற்கு 300 தனியாகத் தருகிறேன், பார்ட்ஸ் அப்புறம் பேசலாம் என்று. எதை மாற்றச் சொன்னாலும் "என்ன அளவு வந்துச்சுண்ணே?" என்று கேட்கிறேன். எண்ணைச் சொன்னால் சரி, "அனுபவம் சார்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். கழற்றின பழைய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது.

பெட்ரோல் முள் மட்டும் இன்னும் பொய்தான் சொல்கிறது. பாதிக்கு மேல் சரி, கால் டேங்க் வந்தால் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. அது டேங்குக்குள் இருக்கும் மிதவை தேய்ந்துபோன கேஸ், பின்சீட்டைத் தூக்கிச் செய்கிற வேலை, எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போதைக்கு ட்ரிப் மீட்டரில் 250 கிலோமீட்டர் வந்தால் பங்க்குக்குள் விட்டுவிடுகிறேன்.